துணைச் செல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கிளியா செல்கள் பற்றி ஒரு மாணவி கேட்டது (இணையக் குழு உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கரும்பலகை

பத்தாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்திக்கொண்டிருக்கிறேன். நியூரான் படத்தைப் பலகையில் பெரிதாக வரைந்து, செல் உடலம், டென்ட்ரைட், ஆக்சான் எல்லாம் குறித்துவிட்டு, கடைசியில் கிளியா செல்களுக்கு வந்தேன். "இவை துணைச் செல்கள். நியூரான்களைத் தாங்கி நிற்கின்றன, ஊட்டம் கொடுக்கின்றன." இரண்டே வாக்கியங்கள். அடுத்த தலைப்பை எழுதத் திரும்பியபோது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"துணை என்றால், அது இல்லாவிட்டாலும் மூளை வேலை செய்யும்தானே டீச்சர்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். 19 ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. "முக்கியமானவை" என்று சொல்லி அவளை உட்கார வைக்க எனக்கு விருப்பமில்லை. எப்படி முக்கியம், இல்லாவிட்டால் எது நின்றுபோகும், அது எப்படித் தெரிந்தது என்று அவள் மனத்தில் நிற்கும்படி சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

நுண்ணோக்கி

ஆசிரியருக்கு வணக்கம். எலி மூளையில், கிளியா வகைகளில் ஒன்றான ஆஸ்ட்ரோசைட்டுகளைப் படம்பிடிப்பதுதான் என் ஆய்வு வேலை. அந்த மாணவியின் கேள்வி சரியான கேள்வி. ஒரு செல் என்ன செய்கிறது என்று அறிய, அதையோ அதன் ஒரு பாகத்தையோ எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் துறையிலும் வழக்கம்.

ஒரு நியூரான் அடுத்த நியூரானுக்குச் செய்தி சொல்லக் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியே விடுகிறது. மூளையில் தூண்டும் செய்திகளில் பெரும்பாலானவை இதன் வழியாகத்தான் போகின்றன. செய்தி போய்ச் சேர்ந்ததும் அந்தக் குளுட்டமேட் அங்கிருந்து அகல வேண்டும். அங்கேயே தேங்கினால் அடுத்த நியூரான் ஓயாமல் தூண்டப்படும், கால்சியம் வெள்ளமாக உள்ளே புகும், கடைசியில் அந்த நியூரான் செத்தே போகும். அப்படித் தேங்காமல் அள்ளிக்கொள்வது, இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸைச் சுற்றி வளைத்து நிற்கும் ஆஸ்ட்ரோசைட். அள்ளியதைக் குளுட்டமினாக மாற்றி, நியூரானிடமே திருப்பிக் கொடுக்கிறது. நியூரான் அதை மறுபடி குளுட்டமேட்டாக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு நொடியும் நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது.

1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஆஸ்ட்ரோசைட்டுகள் குளுட்டமேட்டை அள்ளப் பயன்படுத்தும் முக்கியமான புரதம் ஒன்று மட்டும் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அந்தப் புரதம் மூளையில் பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டுகளில்தான் இருக்கிறது. அந்த எலிகளுக்கு வலிப்பு வந்தது. பல எலிகள் வலிப்பிலேயே இறந்தன.

மாணவிக்கு நேரான பதில் வேண்டுமென்றால் இதுதான்: செல் முழுவதும்கூட இல்லாமல் போக வேண்டியதில்லை, அதன் ஒரு புரதம் இல்லாமல் போனாலே மூளை தாங்காது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1850களில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ இவற்றுக்குப் பெயர் வைத்தபோது நரம்புகளை ஒட்டிவைக்கும் பசை என்றே நினைத்தார். கிளியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். பிறகு மின்முனைகளைச் செருகி மூளையைக் கேட்கத் தொடங்கியபோது நியூரான்கள் படபடவென்று மின்துடிப்பு கொடுத்தன, கிளியா அப்படி எதுவும் கொடுக்கவில்லை. துடிக்காததால் அதற்கு வேலையில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். கால்சியத்தைக் கண்டால் ஒளிரும் சாயங்கள் வந்த பிறகு, 1990-இல், வளர்ப்புத் தட்டில் இருந்த ஆஸ்ட்ரோசைட்டுகள்மீது குளுட்டமேட்டை விட்டுப் பார்த்தார்கள். ஒரு செல்லில் கால்சியம் ஏற, பக்கத்துச் செல், அதற்கும் பக்கத்துச் செல் என்று குளத்தில் அலை பரவுவதைப்போல் பரவியது. அத்தனை காலமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன, மின்சாரத்தில் அல்ல.

எண்ணிப்பார்

நுண்ணோக்கி சொன்ன குளுட்டமேட் விஷயம் உறுதியானது. ஆனால் ஆசிரியர் இணையத்தில் தேடினால் வேறு பல சரக்குகளும் வரும். அவற்றை வகுப்புக்குள் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, "ஒரு நியூரானுக்குப் பத்து கிளியா" என்ற கணக்கு. பல பத்தாண்டுகள் பெரிய பாடநூல்களிலேயே இருந்தது. யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. பிரேசிலில் சுசானா எர்குலானோ ஊசெல் என்ற பெண் விஞ்ஞானி, மூளையைப் பகுதி பகுதியாகக் கரைத்துக் கூழாக்கி, அதில் மிதக்கும் உட்கருக்களை எண்ணும் முறையை உருவாக்கினார். 2009-இல் வெளிவந்த கணக்கின்படி மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், 8,500 கோடி மற்ற செல்கள். அந்த மற்ற செல்களில் இரத்தக்குழாய்ச் செல்களும் சேர்த்தி. ஆகவே ஒன்றுக்கு ஒன்று, அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. இடத்துக்கு இடம் மாறுகிறது என்பது உண்மை. சிறுமூளையில் 6,900 கோடி நியூரான்களுக்கு 1,600 கோடி மற்ற செல்கள்தான். பெருமூளைப் புறணியில், உள்ளே இருக்கும் வெண்பொருளையும் சேர்த்தால், 1,600 கோடி நியூரான்களுக்கு 6,100 கோடி.

இரண்டாவது, ஐன்ஸ்டீன் மூளை. 1985-இல் மரியன் டயமண்ட் குழுவினர் அவர் மூளையிலிருந்து எடுத்த நான்கு துண்டுகளை 11 பேரின் மூளைகளோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் நியூரானுக்குக் கிளியா அதிகம் என்று கண்டார்கள். நான்கு இடம் பார்த்து ஒரு இடத்தில் வேறுபாடு. ஒப்பிடப்பட்டவர்களோ வேறு வயதினர். அதிலிருந்து மேதைமைக்குக் காரணம் கிளியா என்று சொல்வது தவறு. பிள்ளைகள் கதையைத்தான் நினைவில் வைப்பார்கள், ஆகவே கதையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

அரிசி ஆலைத் தெரு

நான் விஞ்ஞானம் படித்தவள் இல்லை. ஆசிரியை கேட்டதைப் படித்ததும் என் அப்பாவைப் பற்றி எழுதத் தோன்றியது.

அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். முத்து முத்தாக எழுதுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குக் கல்லீரல் சுருங்கிப்போன நோய் என்று தெரிந்தது. மருந்தோடு நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஒரு மாதம் பகலெல்லாம் தூங்கினார், இரவெல்லாம் விழித்துக் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். என்னை என் அத்தை பெயர் சொல்லி அழைத்தார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு பறவைச் சிறகைப்போல் படக்படக்கென்று விழுந்தது. பேரேட்டில் அவர் எழுத்து முதலில் சாய்ந்தது, பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறியது, கடைசிப் பக்கத்தில் வெறும் கிறுக்கல்.

உறவினர்கள் மனநோய் என்றார்கள். முதலில் பார்த்த மருத்துவரும் வயதானால் வரும் மறதி என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்ட மறுநாள் அப்பா எழுந்திருக்கவே இல்லை. பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த இளம் மருத்துவர் அப்பா கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று?" என்றுதான் முதலில் கேட்டார். நான்கு நாள். லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்தைக் கொடுத்து வயிற்றைக் கழுவினார்கள். மூன்றாம் நாள் அப்பா என் பெயரைச் சொன்னார்.

அந்த மருத்துவரிடம் மூளைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "மூளையில் நட்சத்திரம்போல் ஒரு செல் இருக்கிறது அம்மா, அதுதான் வீங்கிவிட்டது" என்றார். அதற்கு மேல் கேட்க அன்று எனக்குத் தெம்பில்லை. அந்த நட்சத்திரச் செல் இங்கே பேசப்படும் ஆஸ்ட்ரோசைட்தானா?

நுண்ணோக்கி

அதேதான் சகோதரி. அப்பா மீண்டு வந்ததில் மிகுந்த மகிழ்ச்சி.

குடலில் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். கல்லீரல் தளர்ந்தால் அம்மோனியா இரத்தத்தோடு மூளைக்குப் போகிறது. அங்கே யூரியா செய்யும் ஏற்பாடு கிடையாது. அம்மோனியாவைப் பிடித்துக் குளுட்டமேட்டோடு சேர்த்துக் குளுட்டமினாக மாற்றும் நொதி, மூளையில் ஏறக்குறைய ஆஸ்ட்ரோசைட்டுகளிடம் மட்டுமே இருக்கிறது. முதல் பதிவில் நான் எழுதிய அதே கொடுக்கல் வாங்கல்தான், அதே நொதிதான். அம்மோனியா குவியக் குவிய ஆஸ்ட்ரோசைட் அதை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளே குளுட்டமின் சேர்கிறது, அது தண்ணீரை இழுக்கிறது, செல் வீங்குகிறது. வீங்கிய செல்லால் குளுட்டமேட்டையும் பொட்டாசியத்தையும் முன்போல் ஒழுங்குபடுத்த முடிவதில்லை. தூக்கம் தலைகீழாவதும் கை விழுவதும் எழுத்து குலைவதும் அதனால்தான்.

மலச்சிக்கல் இருந்தால் அம்மோனியா இன்னும் அதிகமாக உறிஞ்சப்படும். தூக்க மாத்திரை நிலைமையை மோசமாக்கக்கூடும். அந்த இளம் மருத்துவர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்.

கரும்பலகை, இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பாவின் நினைவு மூன்றாம் நாள் திரும்பியது. நியூரான்கள் செத்திருந்தால் திரும்பியிருக்காது. அவை உயிரோடு இருந்தும், பக்கத்தில் இருந்த செல் தடுமாறியதால், அவர் மகளின் பெயரை எடுத்துக் கொடுக்க அவற்றால் முடியவில்லை.

கரும்பலகை

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அரிசி ஆலைத் தெருச் சகோதரி, எழுதியதற்கு நன்றி. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

அரிசி ஆலைத் தெரு

நன்றாக இருக்கிறார் அக்கா. தினமும் இரண்டு மூன்று முறை மலம் போகும் அளவுக்கு மருந்தை நாங்களே கூட்டிக் குறைத்துக் கொடுக்கப் பழகிக்கொண்டோம். காலையில் ஒரு வரி எழுதச் சொல்லிப் பார்ப்போம். எழுத்து சாய்ந்தால் மருத்துவருக்குத் தொலைபேசி.

பாலாற்றங்கரை

35 ஆண்டுகள் தொழுநோய்ப் பிரிவில் இயன்முறை மருத்துவப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மூளையை விட்டு வெளியே வந்தாலும் கிளியா உண்டு என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கை கால் நரம்புகளில் இருக்கும் கிளியாவுக்கு ஸ்வான் செல் என்று பெயர். தொழுநோய்க் கிருமி குடியிருக்கத் தேர்ந்தெடுக்கும் வீடு அதுதான்.

நார்வேயில் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டது 1873-இல். மிக மெதுவாகப் பெருகும் கிருமி அது. இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். உடலின் குளிர்ந்த இடங்களைத்தான் விரும்பும். அதனால்தான் முழங்கைக்குப் பின்னால் தோலை ஒட்டி ஓடும் நரம்பு முதலில் தடிக்கிறது. விரலால் உருட்டிப் பார்த்தால் கயிறுபோல் தெரியும். அந்த நரம்புக்குள் ஸ்வான் செல்கள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. சில, பெரிய ஆக்சான்களுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றுகின்றன. மற்றவை, சூடும் வலியும் சொல்லும் மெல்லிய இழைகளைக் கட்டுக்கட்டாக அணைத்துப் பிடித்திருக்கின்றன. நோயாளிகளிடம் முதலில் போவது பெரும்பாலும் சூட்டுணர்வுதான். டீக்கடையில் கொதிக்கும் டம்ளரைப் பிடித்துக் குடித்துவிட்டு வருவார்கள். விரலில் கொப்புளம் இருக்கும், எப்போது வந்தது என்று தெரியாது.

பிறகு சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கத் தொடங்கும். கிருமி மட்டும் காரணமில்லை, கிருமியை எதிர்த்து உடல் தொடுக்கும் போரில் நரம்பு வீங்கியும் கெடுகிறது. 1940களின் இறுதியில் வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினாரே, அந்தக் கைகளின் கதை தொடங்கியது இந்தச் செல்லில்தான். விரல் அழுகி விழும் நோய் என்று ஊர் சொன்னது. விரல் தானாக விழுவதில்லை. வலி சொல்லும் இழையைப் பிடித்திருந்த செல் போய்விட்டது, ஆகவே காயம் தெரியவில்லை, தெரியாத காயம் புழுத்தது. எத்தனை பேரை வீட்டைவிட்டு அனுப்பினார்கள் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

உங்கள் மாணவிக்குத் "துணை" என்ற சொல் இளப்பமாகப் பட்டிருக்கிறது. எங்கள் ஊரில் இருட்டில் ஆற்றைக் கடப்பவரை வழித்துணை இல்லாமல் அனுப்ப மாட்டோம். அந்தப் பொருளில் சொல்லிப் பாருங்கள் அம்மா.

வடகரை

ஐயா எழுதியது மனத்தைத் தொட்டது. ஆனால் மாணவி கேட்டது மூளையைப் பற்றி அல்லவா? மூளைக்குள்ளும் இதேபோல் உறை சுற்றும் செல் உண்டா? உறை இல்லாவிட்டால் செய்தி நின்றுவிடுமா, மெதுவாகப் போகுமா?

நுண்ணோக்கி

உண்டு. ஆலிகோடென்ட்ரோசைட். ஸ்வான் செல் ஒரு ஆக்சானின் ஒரு துண்டுக்கு மட்டும் உறை சுற்றும். இது பல கைகளை நீட்டி, சில சமயம் 40 துண்டுகளுக்கும் மேல் சுற்றும். அதனால் ஒரு செல் போனால் பல ஆக்சான்கள் ஒரே நேரத்தில் உறையிழக்கின்றன.

வேகம் பற்றி வகுப்பில் சொல்ல நல்ல ஒப்பீடு இருக்கிறது. கடலில் வாழும் கணவாயின் ராட்சத ஆக்சானுக்கு உறை கிடையாது. அரை மில்லிமீட்டர் தடிமன், கண்ணாலேயே பார்க்கலாம். நொடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில் செய்தி ஓடும். தவளையின் உறையிட்ட ஆக்சான் அதே வேகத்தைத் தருகிறது, ஆனால் அதன் தடிமன் 0.012 மில்லிமீட்டர். நாற்பதில் ஒரு பங்கு. உறை இல்லாமல் வேகம் வேண்டுமென்றால் நரம்பைத் தடியாக்குவதுதான் வழி. நம் முதுகுத்தண்டுக்குள் அத்தனை தடித்த நரம்புகளுக்கு இடமே இருக்காது.

உறையிட்டுப் பழகிய ஆக்சான் உறையை இழந்தால் பல நேரம் செய்தி வழியிலேயே அணைந்துபோகும். இந்த உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் திடீரென ஒரு கண் மங்குவதும் கால் மரத்துப்போவதும் அப்படித்தான்.

2014-இல் லண்டனில் செய்த சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். சுழலும் சக்கரத்தில் சில படிக்கம்பிகளைப் பிடுங்கிவிட்டு எலிகளை ஓட விட்டார்கள். சாதாரண எலிகள் சில நாட்களில் இடைவெளிகளுக்கு ஏற்பக் கால்வைக்கக் கற்றுக்கொண்டன. வளர்ந்த பிறகு புது ஆலிகோடென்ட்ரோசைட் உருவாக முடியாதபடி செய்யப்பட்ட எலிகள் அந்த ஓட்டத்தில் தேறவில்லை. இருக்கும் உறை போதாது. புதிதாக ஒன்றைக் கற்கப் புது உறையும் வேண்டியிருக்கிறது.

வடகரை

நன்றி. தூங்கும்போது கிளியா மூளையைக் கழுவுகிறது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதையும் சேர்த்துக்கொள்ளலாமே?

எண்ணிப்பார்

சேர்ப்பதாக இருந்தால் விவாதத்தில் இருக்கும் விஷயம் என்று சொல்லிச் சேருங்கள். 2012, 2013 ஆண்டுகளில் நெடர்கார்ட் குழுவினர் எலிகளில், ஆஸ்ட்ரோசைட்டுகளின் நீர்க்கால்வாய்கள் உதவியோடு திரவம் ஓடிக் கழிவை அகற்றுகிறது, தூக்கத்தில் அந்த ஓட்டம் கூடுகிறது என்று காட்டினார்கள். 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு வேறு முறையில் அளந்து, தூக்கத்திலும் மயக்கத்திலும் அந்த அகற்றல் குறைகிறது என்று எழுதியது. இரண்டு பக்கமும் இன்னும் வாதாடுகிறார்கள்.

அதோடு நுண்ணோக்கியிடம் ஒரு கேள்வி. ஆஸ்ட்ரோசைட் "பேசுகிறது" என்றீர்கள். தட்டில் அலை பரவியதை வைத்து, அது நியூரான்களோடு உரையாடுகிறது, சிந்தனையில் பங்கெடுக்கிறது என்றெல்லாம் 2000களில் நிறைய எழுதினார்கள். ஆஸ்ட்ரோசைட்டில் அந்தக் கால்சியம் ஏற்றத்தைப் பெருமளவு நிறுத்திவிட்ட எலிகளில் சினாப்ஸ் வேலை மாறாமலே இருந்தது என்று மெக்கார்த்தி ஆய்வகம் காட்டியதே? அதற்கு உங்கள் பதில் என்ன?

நுண்ணோக்கி

நியாயமான கேள்வி. "பேசுகிறது" என்று நான் எழுதியதில் அவசரம் இருந்தது. ஆஸ்ட்ரோசைட் குளுட்டமேட்டை வெளியே விட்டு நியூரானைத் தூண்டுகிறதா என்ற சண்டை என் துறையில் முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. 2023-இல்கூட, ஆஸ்ட்ரோசைட்டுகளில் ஒரு சிறு பிரிவு மட்டும் அப்படிச் செய்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. நான் எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனால் ஒரு சோதனையை என்னால் ஒதுக்க முடியவில்லை. வரிக்குதிரை மீன் என்ற சிறு மீனின் குஞ்சு, தலையும் மூளையும் கண்ணாடிபோல் இருக்கும். 2019-இல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு மையத்தில், அந்தக் குஞ்சை அசையாமல் பிடித்துவைத்து, சுற்றிலும் ஓடும் காட்சியைக் காட்டினார்கள். அது நீந்த முயன்றால் அதற்கேற்பக் காட்சி நகரும், தான் நகர்வதாக அது உணரும். பிறகு நீச்சலுக்கும் காட்சிக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள். எவ்வளவு நீந்த முயன்றாலும் தான் நகர்வதாக அதற்குத் தெரியாது. குஞ்சு முதலில் இன்னும் வேகமாக வாலை அடித்தது. சிறிது நேரத்தில் முயற்சியை விட்டுவிட்டுச் சும்மா கிடந்தது.

அந்த நேரம் முழுவதும் மூளையைப் படம்பிடித்தார்கள். ஒவ்வொரு வீண் முயற்சிக்கும் நியூரான்கள் "பயனில்லை" என்று நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் வழியே குறிப்புக் கொடுத்தன. ஆஸ்ட்ரோசைட் வகைச் செல்களில் கால்சியம் படிப்படியாக ஏறியது. ஓர் அளவு வந்ததும் நீச்சல் நின்றது. அந்தச் செல்களின் வேலையை முடக்கியபோது குஞ்சு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அவற்றைச் செயற்கையாகத் தூண்டியபோது, தோல்வியே இல்லாமல் நீச்சலை நிறுத்தியது. தோல்விகளைக் கூட்டிக் கணக்கு வைத்தவை நியூரான்கள் அல்ல.

எண்ணிப்பார்

முடக்கியும் பார்த்திருக்கிறார்கள், தூண்டியும் பார்த்திருக்கிறார்கள். இதை ஏற்கிறேன். மீன் குஞ்சில் கண்டதை மனிதரின் சோர்வுக்கும் மனத்தளர்ச்சிக்கும் நீட்டாமல் சொன்னால், வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல கதை இல்லை.

மூளையின் நோய் எதிர்ப்புச் செல்லான மைக்ரோகிளியாவை யாரும் தொடவில்லையே. 1919-இல் ஸ்பெயினின் ரியோ ஒர்தேகா அதைத் தனிச் செல் என்று கண்டு சொன்னார். மறு ஆண்டே நரம்பியல் முன்னோடி கஹாலின் ஆய்வகத்திலிருந்து அவர் வெளியேற நேர்ந்தது. 2005-இல் உயிருள்ள எலிகளின் மூளையைப் பார்த்தபோது, "ஓய்வில் இருப்பவை" என்று நினைத்த மைக்ரோகிளியா ஓயாமல் கிளைகளை நீட்டிச் சுற்றிலும் தடவிக்கொண்டிருந்தது. 2012-இல், வளரும் எலிக்குட்டிகளில் தேவையற்ற சினாப்ஸ்களை அது தின்று நீக்குவதைப் பெத் ஸ்டீவன்ஸ் குழு காட்டியது.

கரும்பலகை

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தது. எல்லாவற்றையும் சொல்ல நேரம் போதாது என்று மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். கணவாய், மீன் குஞ்சு, கொப்புளம் தெரியாத விரல். பாலாற்றங்கரை ஐயா, தொழுநோய்ப் பிரிவில் கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் உள்ளங்கையைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வீர்கள் அல்லவா, அதை ஒருவருக்கொருவர் செய்து பார்க்கச் சொன்னேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. பலகையில் நியூரானை வரைந்த பிறகு அதைச் சுற்றிலும் ஆஸ்ட்ரோசைட்டை வேறு நிறச் சுண்ணக்கட்டியால் வரைந்தேன். இதுவரை நியூரானைச் சுற்றி வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது வேறு கேள்வியோடு நிற்கிறாள். "கிளியா கெட்டுவிட்டது என்று தலையைத் திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வார்கள்?" எனக்கு உடனே அந்தப் பேரேடுதான் நினைவுக்கு வந்தது. அரிசி ஆலைத் தெருச் சகோதரி, அப்பா நன்றாக இருந்தபோது எழுதிய ஒரு பக்கத்தையும் அந்த மாதத்துப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்ப முடியுமா? அப்பாவுக்குச் சம்மதம் இருந்தால் மட்டும்.

அரிசி ஆலைத் தெரு

அப்பாவிடம் கேட்டேன் அக்கா. முதலில் அந்தக் கிறுக்கல் பக்கத்தைப் பார்க்கவே மாட்டேன் என்றார். பிள்ளைகள் படிப்பதற்கு என்றதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேரேட்டை எடுத்து அவரே பக்கம் தேடினார். ஆலைப் பெயரும் ஆட்கள் பெயரும் தெரியாமல் தாளை மடித்துப் படமெடுக்கச் சொன்னார். இரண்டு பக்கங்கள் போதாது என்று, இன்றைய தேதியிட்டு மூன்றாவதாக ஒரு பக்கமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றையும் இன்றிரவு அனுப்புகிறேன்.